கைதட்டலா, கைகூப்பலா?

திருவண்ணாமலை, தேரடி வீதி. பௌர்ணமிக்கு மறுநாள், பொழுது புலரும் வேளை. இரவெல்லாம் மலையைச் சுற்றி வந்த மக்கள், கால் வீங்க, கண் சிவக்க, கடை வாயில்களிலும் நடைபாதை ஓரங்களிலும் சாய்ந்து கிடந்தனர். 14 கிலோமீட்டர்! வெறுங்கால் நடை! ஊர் திரும்பப் பேருந்து வரவேண்டும். அதுவரையில் ஒரு குவளைத் தேநீரும் ஒருபிடித் தூக்கமும்தான் அவர்களுக்கு ஆறுதல். நானும் அங்கே ஒரு தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்திருந்தேன்.

சென்னையிலிருந்து வந்த பேருந்தில் இறங்கி, கடையை நோக்கி வந்தார் எனக்குப் பழக்கமான இளைஞர் ஒருவர். மின்பணி செய்பவர். படிப்பகத்துக்கு நாள் தவறாமல் வருபவர். மடமையைச் சாடுவதிலே மற்றவரைவிட ஒரு முழம் முன்னே நிற்பவர். அவர் கண்களும் சிவந்திருந்தன. அவர் கால்களும் தள்ளாடின.

"என்ன தம்பி, இரவெல்லாம் உறக்கமில்லையா?"

"இளையராஜாவின் இசை நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன் அய்யா. மாலை நான்கு மணிக்கே திடலுக்குள் நுழைந்துவிட்டேன். மூன்று மணி நேரம் காத்திருப்பு. பிறகு நான்கு மணி நேரம் நின்றபடியே கேட்டேன். தொண்டை கட்டிவிட்டது. இரண்டு நாள் கூலி சீட்டுக்கே போய்விட்டது. போகட்டும்! வாழ்நாளில் இன்னொரு முறை கிடைக்குமா?"

சொல்லிவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். நடைபாதையில் கிடந்தவர்களைக் கண்டதும் அவர் உதட்டில் ஓர் ஏளனச் சிரிப்பு. "பாருங்கள் அய்யா இவர்களை! கல்லும் மண்ணுமான மலையைக் கால் தேயச் சுற்றி என்ன கண்டார்கள்?" என்றார்.

பலகையின் மறுகோடியில் ஒரு மூதாட்டி. செஞ்சிப் பக்கத்துச் சிற்றூர். மல்லாட்டைக் கொல்லையில் கூலி வேலை. அந்த அம்மையார் இளைஞரை உற்றுப் பார்த்தார். "நீ எங்க கண்ணு போயி வந்தே?" என்று கேட்டார். இளைஞர் மறுபடியும் கதையைச் சொன்னார்.

"கிட்டப் போயிப் பாத்தியா?"

"எங்கே பாட்டி! எறும்பு மாதிரிதான் தெரிந்தார். ஆனால் என்ன, தெய்வத்தையே நேரில் பார்த்ததுபோல் இருந்தது!"

"நானும் அதுக்குத்தான் கண்ணு வந்தேன். எனக்கும் எட்டத்துலதான்."

மூதாட்டி குத்தலாகச் சொல்லவில்லை. உறவு கொண்டாடும் முறையிலே, உள்ளன்போடுதான் சொன்னார். ஆனால் இளைஞரின் முகம் தொங்கிப் போயிற்று. தேநீர் ஆறிற்று. என்னைப் பார்த்தார். "அய்யா, அந்த அம்மாவுக்கும் எனக்கும் வேற்றுமை இல்லையா?" என்று கேட்டார்.

அவருக்கு அங்கே அரைகுறையாகச் சொன்ன விடையை, இங்கே முழுமையாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் அது அவர் ஒருவரின் கேள்வி அன்று. நம்மில் பலருடைய கேள்வி.

* * *

முதலிலே ஒன்றைத் தெளிவுபடுத்துவோம். இசையைக் கேட்டு இன்புறுவது பகுத்தறிவுக்கு இழுக்கன்று. பகுத்தறிவாளன் பாறை நெஞ்சன் என்று எண்ணுவோர் பகுத்தறிவையும் அறியார்; பாட்டையும் அறியார். நம் மாநாட்டுப் பந்தல்களிலே இசைமுரசு நாகூர் அனிபாவின் குரல் எழுந்ததும், களைத்துப்போய்த் தரையிலே அமர்ந்திருந்தவன் நிமிர்ந்து எழுந்தானே, அந்த எழுச்சியை எந்த ஏட்டுப் படிப்பு தந்துவிடும்? இசை காற்றிலே பிறக்கிறது; காதிலே நுழைகிறது; நினைவைத் தொடுகிறது; கண்ணை நனைக்கிறது. இதற்கு வேதம் வேண்டா, விரதம் வேண்டா. கேட்கும் செவி ஒன்று போதும்.

இன்னும் ஒரு சிறப்பு உண்டு, இசைத் திடலுக்கு. அங்கே காசுக்கேற்ற இருக்கை இருக்கிறது, அது குறைதான். ஆனால் "நீ என்ன குலம்?" என்று வாயிற்காவலன் கேட்பதில்லை. பக்கத்தில் நின்று பாடுபவன் எந்தத் தெருவைச் சேர்ந்தவன் என்று எவனும் விசாரிப்பதில்லை. இதே திருவண்ணாமலை மாவட்டத்திலே, தென்முடியனூர் மாரியம்மன் கோயிலுக்குள் ஆதித்திராவிட மக்கள் காலெடுத்து வைப்பதற்கு, 2023 சனவரி 30 வரை காத்திருக்க வேண்டியிருந்ததே! சுமார் 80 ஆண்டுக் காலத் தடை! அதிகாரிகள் உடன்வர, காவலர்கள் அணிவகுக்க, அதன் பிறகல்லவா அந்த வாயிற்படியை அவர்கள் கடந்தார்கள்! பாட்டுக் கேட்கப் போன நம் தம்பிக்கு அந்தக் காவல் தேவைப்படவில்லை. ஆகவே வேற்றுமை உண்டு. இரண்டு இரவும் ஒன்றல்ல.

பிறகு எங்கே பிழை? "தெய்வம்" என்றாரே, அங்கேதான்!

"வாய்தவறி வந்த சொல் அய்யா, விட்டுவிடுங்கள்" என்பீர்கள். விட்டுவிடலாம். ஆனால் அந்தச் சொல் வெறுங்கையோடு வருவதில்லை, தோழர்களே! தெய்வம் வந்தால் கருவறை வரும். கருவறை வந்தால் காவல் வரும். காவல் வந்தால் தீட்டு வரும். இது கற்பனை என்பீர்களாயின், திருவையாற்றுக்கு வாருங்கள்.

* * *

தியாகராசர் என்ற இசைவாணர் 1767இல் பிறந்து 1847இல் மறைந்தார். பாடிக்கொண்டே தெருவில் நடந்து, கொடுத்த அரிசியைப் பெற்று வாழ்ந்தவர் அவர். மன்னர் தரும் பொருளைத் தேடிப் போகாத மனிதர். மறைந்தபின் என்ன ஆயிற்று? அவர் சமாதி நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்தது. அதன்மேல் மண்டபம் எழுப்ப 1920களில் தன் பொருளைச் செலவிட்டவர், தேவதாசி மரபிலே பிறந்த ஒரு பெண்மணி, பெங்களூர் நாகரத்தினம்மாள். அன்பின் மிகுதியால் அவர் கட்டினார். அவருக்கும் அந்த இசைவாணர் தெய்வமாகத்தான் தெரிந்தார்.

விளைவு? எந்த மண்டபத்தை அவர் எழுப்பினாரோ, அந்த இடத்து விழாவிலேயே பெண்கள் பாடலாகாது என்றனர் ஆடவர். பெண்களுக்கெனத் தனியாக ஒரு விழாவை அந்த அம்மையார் கூட்ட வேண்டியிருந்தது. காசு பெண்ணுடையது, கட்டடம் பெண்ணுடையது, பாட்டு மட்டும் ஆணுடையதாம்!

1946இல் அதே திருவையாற்றிலே, எம்.எம். தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாட்டு ஒன்றைப் பாடினார். பாடியதும் "தீட்டு" என்ற பேச்சு எழுந்தது! தமிழனுடைய ஊர், தமிழனுடைய ஆறு, தமிழனுடைய தொண்டை. தமிழ் மட்டும் அங்கே தீட்டு! அந்தக் கொடுமையை அந்நாளில் 'குடிஅரசு' ஏடு கண்டித்து எழுதியது.

எண்ணிப் பாருங்கள். தெருவில் பாடி நடந்த மனிதர், உயிரோடு இருந்தபோது, தன் பாட்டைக் கேட்டவர்களில் பெண்ணைத் தனியே ஒதுக்கி நிறுத்த அவருக்கு ஒரு வேலி இருந்ததா? தெரு எல்லாருக்கும் தெருதானே! மனிதராக இருந்தவரை வேலி இல்லை. தெய்வமாக்கினார்கள், வேலி முளைத்தது. ஒருவரை உயரத் தூக்குகிறோம் என்று நாம் கருதுகிறோம். உண்மையிலே அவரைச் சுற்றிச் சிலர் சுவர் எழுப்பிக்கொள்ள இடம் தருகிறோம்.

* * *

சுவர் எழுப்பியதோடு நின்றதா? இசை தெய்வீகம் என்று ஓயாமல் பேசிய அதே சமுதாயம், இசைப்பவனை எப்படி நடத்தியது என்பதையும் பாருங்கள்.

"நாதமே பரம்பொருள்" என்பான் செல்வன். நாதசுரக்காரர் தோளிலே துண்டு போட்டு வந்தால் "எடுத்து இடுப்பிலே கட்டு" என்பான். பல நாழிகை நின்றுகொண்டே ஊத வேண்டும். உடலெல்லாம் வியர்வை ஆறாக ஓடும். துடைக்கத் துண்டு இருக்கிறது, இடுப்பிலே இருக்கிறது! கானாடுகாத்தானில் ஒரு திருமண ஊர்வலம். மதுரை சிவக்கொழுந்து என்ற நாதசுரக் கலைஞர் தோளில் துண்டோடு வாசித்து வந்தார். துண்டை அகற்றச் சொன்னார்கள் செல்வர்கள். அங்கே இருந்த பட்டுக்கோட்டை அழகிரிசாமி, அகற்றவேண்டாம் என்று கலைஞருக்குத் துணையாக நின்றார். ஒரு முழத் துணிக்காக ஒரு போராட்டம்! தன்மான இயக்கத்தின் வரலாற்றிலே பொன்னெழுத்தில் பொறிக்கத் தக்க முழத்துணி அது.

திருவாவடுதுறை டி.என். இராசரத்தினம் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். 1898இல் பிறந்து 1956இல் மறைந்த அந்தப் பெருங்கலைஞர், குடுமியை நீக்கினார், கிராப்பு வைத்தார், நீண்ட மேலங்கி அணிந்தார், மற்ற வித்துவான்களைப்போல் மேடையில் அமர்ந்தே வாசிப்பேன் என்றார். "திமிர் பிடித்தவன்" என்றனர் சிலர். அவர் தோடியைக் கேட்டதும் கண்ணீர் விட்டவர்களும் அவர்களே! பாட்டுக்குக் கண்ணீர், பாடுபட்டவனுக்குப் பாய் விரிக்க மனமில்லை. அவர் கருவியையும் அப்படியே ஏற்கவில்லை. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்து, நீளத்தைக் கூட்டி, சுரத்தை இறக்கி, பாரி நாதசுரத்தை உருவாக்கினார். மரத்தைக் கடைந்து, துளையை அளந்து, மீண்டும் மீண்டும் ஊதிப் பார்த்துச் செய்த வேலை அது. வானத்திலிருந்து இறங்கிய வரம் எதுவும் அதிலே இல்லை.

இப்போது சொல்லுங்கள், தோழர்களே! கலையைத் தெய்வம் என்பதும், கலைஞனைத் துண்டை அவிழ்க்கச் சொல்வதும் எதிரெதிரான செயல்களா? இல்லை, இல்லை! இரண்டும் ஒரே மரத்தின் இரு கிளைகள். புகழனைத்தையும் ஆண்டவன் கணக்கிலே எழுதிவிட்டால், உழைத்தவன் கணக்கிலே என்ன மிஞ்சும்? "அவனா வாசிக்கிறான், ஆண்டவன் அல்லவா வாசிக்க வைக்கிறான்" என்றால், கூலியைக் குறைக்கலாம், துண்டைப் பறிக்கலாம், ஒட்டுத் திண்ணையில் சோறு போடலாம். தெய்வத்துக்குப் பசிக்காது; வியர்க்காது; கால் கடுக்காது. மனிதனுக்குத்தான் இத்தனையும்!

* * *

தேநீர்க் கடைக்குத் திரும்புவோம். நம் தம்பியிடம் நான் ஒன்று கேட்டேன். "நிகழ்ச்சியிலே உன் நெஞ்சைத் தொட்டது எது?"

சிறிது எண்ணிப் பார்த்துச் சொன்னார்: "நடுவிலே ஒரு பாட்டில், எங்கேயோ ஒரு பிசகு. எங்களுக்குத் தெரியவில்லை. அவர் கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். இன்ன இடத்தில் இப்படி வரவேண்டும் என்று சொல்லி, முதலிலிருந்து வாசிக்கச் செய்தார். இரண்டாம் முறை கேட்டபோதுதான் முதல் முறை என்ன குறைந்தது என்று எங்களுக்கே விளங்கிற்று."

ஆகா! விடை அவர் வாயிலிருந்தே வந்துவிட்டதே! எந்தத் தெய்வமாவது "பிழையாகிவிட்டது, மறுபடியும் தொடங்குவோம்" என்று சொன்னதுண்டா? தவறைக் கண்டு, நிறுத்தி, திருத்தி, மீண்டும் செய்வது மனிதச் செயல். அதற்குப் பெயர்தான் அறிவு.

பண்ணைப்புரம் என்னும் சிற்றூரிலே 1943இல் பிறந்தவர் இளையராஜா. அண்ணன் பாவலர் வரதராசனுடன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் இசைத்தவர். சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசையை முறையாகக் கற்றவர். 1976இல் 'அன்னக்கிளி'. 2025 மார்ச்சு 8 அன்று, இலண்டன் மாநகரிலே அவருடைய முழு சிம்பொனி அரங்கேறிற்று. இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு உழைப்பு! கையாலே எழுதி எழுதிக் குவித்த சுரத்தாள்கள் எத்தனை! இவற்றையெல்லாம் "தெய்வம்" என்ற ஒரே சொல்லால் துடைத்துவிடலாமா?

அவருக்கு 'இசைஞானி' என்று பட்டம் தந்தவர் கலைஞர் கருணாநிதி. ரசிகர்கள் கூவும் பெயர்களில் ஒன்று 'ராகதேவன்'. இரண்டையும் எடை போட்டுப் பாருங்கள். ஞானி என்றால் அறிந்தவர். அறிந்தவரிடம் நாமும் கற்கலாம், கேள்வி கேட்கலாம், ஒருநாள் நம் வீட்டுப் பிள்ளையும் அப்படி அறிந்தவர் ஆகலாம். தேவன் என்றாலோ, கதவு அடைபட்டது! தேவனாக எவரும் படித்துத் தேற முடியாதே!

"அய்யா, அவர் பக்தர் ஆயிற்றே! ரமணரின் அடியவர் ஆயிற்றே! 2007இல் வந்த 'பெரியார்' படத்துக்கு இசையமைக்க அவர் இசையவில்லை என்று அந்நாளில் பேசப்பட்டதே! நாம் எப்படி அவர் பாட்டைக் கேட்பது?" என்று நம்மில் சிலர் வினவுவதுண்டு. தெய்வமாக்கினால் வருகிற சங்கடம்தான் இது. தெய்வத்தின் ஒரு சொல்லைத் தள்ளினால் முழுவதையும் தள்ள வேண்டும். மனிதர் என்று கொண்டால் சங்கடமே இல்லை. அவர் பண் என் செவிக்கு; அவர் பக்தி அவருக்கு. பண்ணுக்குக் கைதட்டுவேன். பக்திக்குத் தலையசைக்க மாட்டேன். இரண்டும் என் உரிமை. தம் கொள்கை அவர் உரிமை. நாகூர் அனிபா தம் மார்க்கத்தில் உறுதியாக நின்றவர். நம் மேடைகளில் முழங்கினார். அவர் தொழுகையை நாம் கேள்வி கேட்கவும் இல்லை, பின்பற்றவும் இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்காமல் விடமுடியாது. 2024 திசம்பரில், திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில், அர்த்த மண்டபத்துக்குள் நுழைந்த இளையராஜா வெளியே நிற்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டார். "இது எல்லாருக்கும் உள்ள மரபு" என்றது கோயில் தரப்பு. வதந்தி பரப்புகிறார்கள், தன்மானத்தை விட்டுக்கொடுப்பவன் நான் அல்லன் என்ற கருத்தில் அவரும் அறிவித்தார். அவர் சொல்லை மதிப்போம். அவருக்காக நாம் புண்பட்டுக்கொள்ள வேண்டியதில்லை. நம் கேள்வி வேறு. "எல்லாருக்கும்" என்கிறார்களே, அந்த எல்லையைக் கடக்கும் அர்ச்சகர் மட்டும் அந்த எல்லாரில் சேராதது ஏன்? எத்தனை கோடிப் பேர் ஒருவரைத் தேவன் என்று கூவினாலும், பிறப்பு கீறிய கோட்டை அந்தக் கூவல் அழிக்கவில்லையே! அழிக்கக்கூடியது ஒன்றே ஒன்று: அவரும் மனிதர், அர்ச்சகரும் மனிதர், நானும் மனிதன் என்னும் எண்ணம்.

* * *

கைதட்டுவதற்கும் கைகூப்புவதற்கும் இடையே இன்னொரு வேற்றுமை உண்டு. கைதட்டுபவன் கணக்குக் கேட்கலாம்.

2023 செப்டம்பர் 10 அன்று, சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலைப் பகுதியில் ஏ.ஆர். இரகுமானின் இசை நிகழ்ச்சி. சீட்டு வாங்கியவர்கள் பலர் உள்ளே நுழையவே முடியாமல் திரும்பினர். நெரிசலில் பெண்களும் குழந்தைகளும் பட்ட துன்பம் கொஞ்சமன்று. மறுநாள் என்ன நடந்தது? "என் பாக்கியம் அவ்வளவுதான்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்களா? இல்லை! "எங்கள் காசு எங்கே? எங்கள் பாதுகாப்பு எங்கே?" என்று கேட்டார்கள். நுழைய முடியாதவர்கள் சீட்டின் படியை அனுப்புங்கள் என்று அந்தக் கலைஞரே அறிவித்தார். பணம் திருப்பித் தரப்பட்டது. கலைஞருக்கும் அதனால் சிறுமை இல்லை, ரசிகருக்கும் இல்லை. உண்டியலில் போட்ட காசுக்கு, "தரிசனம் கிடைக்கவில்லை, திருப்பிக் கொடு" என்று கேட்டுப் பெற்றவர் எவராவது உண்டா?

கைதட்டல், நான் கேட்டேன், எடைபோட்டேன், மகிழ்ந்தேன் என்று சொல்கிறது. பிடிக்காவிட்டால் தட்டாமல் இருக்கவும் முடியும். அதனால்தான் அதற்கு மதிப்பு. கைகூப்பிவிட்டால், எடைபோட்ட தராசைக் கீழே வைத்துவிட்டோம் என்று பொருள்.

கைதட்டத் தெரிந்தவனுக்கு ஒரு கடமையும் உண்டு. "தம்பி, தீபத் திருவிழாவிலே மாடவீதியில் பத்து நாளும் நாதசுரம் ஒலிக்கிறதே, வாசிப்பவர் பெயர் தெரியுமா உனக்கு?" என்று கேட்டேன். தெரியாது என்றார். எனக்கும் தெரியாது, வெட்கத்தோடு சொல்கிறேன். கைப்பேசிகள் எல்லாம் வாகனத்தை நோக்கி உயர்கின்றன. வியர்வை வழிய வாசிப்பவரை நோக்கி ஒன்றுகூடத் திரும்புவதில்லை. நம் தெருச் சாவுக்குப் பறையடித்தவரை வாசலுக்கு வெளியே நிற்க வைத்தே கூலி கொடுத்தோம். அந்தப் பறையை ஊரூராகக் கற்றுக்கொடுத்த அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது மகிழ்ந்தோம். விருது தில்லியிலிருந்து வந்தது. மதிப்பு நம் வாசலிலிருந்து போகவேண்டாமா?

* * *

இவற்றில் பாதியைத்தான் அன்று பேசியிருப்பேன். அதற்குள் மூதாட்டி குறுக்கிட்டார். "அது இருக்கட்டும் கண்ணு, நீ கேட்ட பாட்டு ஒண்ணு வையேன், நானும் கேக்கறேன்."

இளைஞர் கைப்பேசியில் ஒரு பாட்டை ஒலிக்கச் செய்தார். அந்த அம்மையார் கண்ணை மூடிக்கொண்டார். இரவெல்லாம் கூப்பியிருந்த அந்தக் கைகளில் ஒன்று, தானாகவே தொடையின்மேல் தாளம் போடத் தொடங்கிற்று. பாட்டு முடிந்தது.

"நல்லாத்தான் இருக்கு. ஏன் கண்ணு, பின்னாடி இத்தினி பேரு மேளம் அடிக்கிறாங்களே, புல்லாங்குழலு ஊதறாங்களே, அவங்களுக்கெல்லாம் கூலி சரியாக் குடுத்துடறாங்களா?"

இளைஞர் வாயடைத்து நின்றார். ஏழு மணி நேரம் திடலிலே நின்ற அவருக்குத் தோன்றாத கேள்வி! படிப்பகத்திலே பக்கம் பக்கமாகப் படிக்கும் எனக்கும் முதலிலே தோன்றாத கேள்வி! மல்லாட்டைக் கொல்லையிலே குனிந்து குனிந்து முதுகு வளைந்த ஒருவருக்குத்தான், மேடையின் பின்வரிசையிலே இருப்பவர் முகம் தெரிந்தது. மலையைச் சுற்றினார் என்பதற்காக நாம் ஏளனம் செய்ய இருந்தோமே, அவர்தான் நமக்குப் பாடம் சொன்னார்.

செஞ்சிப் பேருந்து வந்தது. இளைஞர் ஓடிப்போய் அந்த அம்மையாருக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தார். "விசாரிக்கிறேன் அய்யா" என்றார்.

விசாரியுங்கள், தோழர்களே! பாட்டுக் கேட்கப் போங்கள். விடிய விடியக் கேளுங்கள். உள்ளங்கை சிவக்கத் தட்டுங்கள். தட்டிய கையைக் கூப்பிவிடாதீர்கள். அதே கையை நீட்டி, பாடியவரோடும் பின்வரிசையில் வாசித்தவரோடும் கைகுலுக்குங்கள்!